காண்ட்ராக்ட் சம்பள சிலிப்ப எப்படி படிக்கிறது, குறைஞ்சா எங்க போய் கேக்கிறது

ஒரு மேன்பவர் ஏஜென்சில நாலு வருஷம் பில்லிங் பாத்தவன் நான். ஏஜென்சி பேரு வேண்டாம். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, தோட்ட வேலை, கேன்டீன் ஹெல்பர்னு சென்னையில முப்பது சைட்டுக்கு மேல ஆள் அனுப்புவாங்க, மாசா மாசம் ரெண்டு பேப்பர் என் கையால ரெடியாகும், ஒண்ணு கம்பெனிக்கு போற பில், இன்னொண்ணு ஆளுங்களுக்கு போற சம்பள சிலிப். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கிறவங்க ஆபீஸ்லயே ரெண்டு மூணு பேர்தான். பில்லுல வாங்கின காசு சிலிப்புல வராத மாசங்கள நான் பாத்திருக்கேன், அப்ப வாய தொறக்கல, அது இன்னிக்கும் உறுத்துது. அதனாலதான் தெரிஞ்சத எல்லாம் இங்க எழுதறேன்.

குறைந்தபட்ச கூலி ஏத்தலாமா வேணாமா, நாட்டுல வரி கட்டறது யாரு, அவுட்சோர்சிங் பண்ணா மிச்சமா நஷ்டமா, இந்த சண்டை குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல கூட வருது. எல்லாரும் பெரிய பெரிய விஷயமா பேசறாங்க. ஆனா ஒரு ஹவுஸ்கீப்பிங் அக்காவோட சம்பள சிலிப்ப எடுத்து வரி வரியா படிச்சா அந்த மொத்த சண்டையும் அதுக்குள்ளயே இருக்கு. சிலிப் கையில வச்சிருக்கிறவங்களுக்கும், அவங்களுக்கு எழுதி குடுக்கிற பக்கத்து வீட்டு பசங்களுக்கும்தான் முக்கியமா இது. அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன்ல இருக்கிறவங்களும் கடைசி வரைக்கும் படிங்க, உங்களுக்கும் இருக்கு.

முதல்ல உங்க கூலி எவ்வளவுன்னு கண்டுபிடிங்க

"என் குறைந்தபட்ச கூலி எவ்வளவு" ன்னு கேட்டா ஒரே பதில் கிடையாது, இங்கதான் பாதி பேர் ஏமாறாங்க. நீங்க வேலை பாக்கிற இடம் மாநில அரசு பக்கமா மத்திய அரசு பக்கமான்னு பாக்கணும். ஏர்போர்ட், ரயில்வே, துறைமுகம், சுரங்கம் இதெல்லாம் மத்திய அரசு ரேட்டு. தனியார் ஆஸ்பத்திரி, ஐடி கம்பெனி, ஹோட்டல், மால், தனியார் ஃபேக்டரி இதெல்லாம் தமிழ்நாடு அரசு ரேட்டு. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும். மத்திய அரசு ரேட்டு ஒரு உதாரணத்துக்கு சொல்றேன், 2024 அக்டோபர் 1 நிலவரப்படி ஏ பிரிவு ஊர்ல (சென்னை அதுல வரும்) கூட்டறது, க்ளீனிங் வேலைக்கு நாளுக்கு 783 ரூபா, 26 நாளுக்கு 20,358. துப்பாக்கி இல்லாத வாட்ச்மேனுக்கு நாளுக்கு 954, மாசம் 24,804. இது வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல் 1, அக்டோபர் 1-ல விலைவாசிய பாத்து மாத்துவாங்க, அதனால நீங்க படிக்கிறப்ப இருக்கிற ரேட்ட பாத்துக்கங்க.

தமிழ்நாட்டுல வேற முறை. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அறிவிப்பு இருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, ஹோட்டலுக்கு ஒண்ணு, கடை நிறுவனத்துக்கு ஒண்ணு, டெய்லரிங்குக்கு ஒண்ணு. அதுல ஒரு அடிப்படை கூலி, அதுக்கு மேல டிஏ (விலைவாசிக்கு ஏத்த மாதிரி குடுக்கிற அகவிலைப்படி). டிஏவ சென்னை நகர விலைவாசி குறியீட்ட வச்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஏப்ரல் 1-ல ஏத்துவாங்க. பல அறிவிப்புல ஊர வச்சு மண்டலமும் பிரிச்சிருப்பாங்க. தொழிலாளர் துறை வெப்சைட்ல பிடிஎஃப்பா கிடைக்கும், உங்க தொழில், உங்க மண்டலம், உங்க வேலை பேரு மூணையும் பொருத்தி பாத்து அடிப்படையும் டிஏவும் கூட்டினா வர்றதுதான் உங்க தரை. அதுக்கு கீழ ஒரு ரூபா குறைஞ்சாலும் சட்டத்துக்கு விரோதம்.

ஏஜென்சில எங்க கை வைப்பாங்கன்னா, ஆஸ்பத்திரில வேலை பாக்கிற ஆள ரேட்டு கம்மியா இருக்கிற வேற தொழில் அறிவிப்புல எழுதிடுவாங்க. இல்லன்னா போன வருஷ டிஏவையே இந்த வருஷமும் ஓட்டுவாங்க. ஏப்ரல்ல ஏறின டிஏ நிறைய பேருக்கு ஆகஸ்ட் செப்டம்பர்லதான் வரும், இடைப்பட்ட அரியர்ஸ் அப்படியே காணாம போயிடும். நூறு பேர் இருக்கிற சைட்ல ஆளுக்கு மாசம் 400 ரூபா, அஞ்சு மாசம்னா ரெண்டு லட்சம். அந்த காசு எங்க போச்சுன்னு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல.

இந்த தரை எப்படி வந்துச்சுன்னும் தெரிஞ்சுக்கங்க, ஏன்னா "சும்மா ஓட்டுக்காக ஏத்தறாங்க" ன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ல உதவும். குறைந்தபட்ச கூலிச் சட்டம் 1948-ல வந்தது. 1957-ல 15வது இந்திய தொழிலாளர் மாநாட்டுல ஒரு கணக்கு ஒத்துக்கிட்டாங்க, ஒரு உழைப்பாளி குடும்பத்த மூணு யூனிட்டா (மூணு பெரியவங்க சாப்பிடற அளவா) வச்சுக்கணும், யூனிட்டுக்கு நாளுக்கு 2700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வாடகை தனி, அது போக விறகு விளக்கு மாதிரி இதர செலவுக்கு 20 சதவீதம். 1991-ல சுப்ரீம் கோர்ட் ரெப்டகாஸ் பிரெட் வழக்குல, பிள்ளைங்க படிப்பு, மருந்து, பண்டிகை, வயசான காலம், கல்யாணம் இதுக்கெல்லாம் இன்னும் 25 சதவீதம் சேக்கணும்னு சொல்லிச்சு. ஒரு தடவ உங்க வீட்டு கணக்க இதே மாதிரி போட்டு பாருங்க, அரிசி பருப்பு எண்ணெய் காய் பால், வாடகை, கேஸ், கரண்ட், பஸ், ஸ்கூல் ஃபீஸ். நான் எங்க பக்கத்து வீட்டு அக்காவோட உக்காந்து போட்டேன், வேளச்சேரி பக்கம் ஒத்த ரூம் வாடகைலயே அவங்க சம்பளத்துல பாதி கிட்ட போயிடுது, 20 சதவீதத்துல அடங்குற இதர செலவு எதுவுமே இல்ல.

இப்ப பில்லையும் சிலிப்பையும் பக்கத்துல வைங்க

கணக்கு சுலபமா இருக்க பேசிக் டிஏ சேத்து 15,000-ன்னு வச்சுக்கறேன், இது நிஜ ரேட்டு இல்ல, உதாரணம்தான்.

கம்பெனிக்கு ஏஜென்சி போடற பில்லுல ஒரு ஆளுக்கு இப்படி வரும். கூலி 15,000. முதலாளி பங்கு பிஎஃப், அட்மின் சார்ஜ் இன்சூரன்ஸ் சேத்து 13 சதவீதம், 1,950. முதலாளி பங்கு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) 3.25 சதவீதம், 487.50. போனஸ் 8.33 சதவீதம், 1,249.50. இதுவரைக்கும் 18,687. ஏஜென்சி சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம்னா 1,495. மொத்தம் 20,182. இதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், 3,633. ஆக கம்பெனி கட்டறது 23,815 ரூபா.

இப்ப சிலிப். 15,000-ல தொழிலாளி பங்கு பிஎஃப் 12 சதவீதம் 1,800 போச்சு, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 113 போச்சு. சென்னையில தொழில் வரி இருக்கு, அத மாசக் கணக்குல பிரிச்சா 208 ரூபா. கைல வர்றது 12,879. எல்லாம் ஒழுங்கா நடந்தாலே கம்பெனி குடுக்கிற 23,815-க்கும் அந்த அக்கா கைல வர்ற 12,879-க்கும் நடுவுல பதினோராயிரம் ரூபா இருக்கு. அதுல பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் அவங்களுக்கே திரும்ப வரவேண்டிய காசு, அது தப்பில்ல. திரும்ப வருதான்னு பாக்கறதுதான் உங்க வேலை.

நான் கண்ணால பாத்த ஓட்டைங்க இதெல்லாம். பில்லுல கம்பெனிகிட்ட வாங்கின முதலாளி பங்கு பிஎஃப்ப, தொழிலாளி சம்பளத்துலயும் பிடிக்கிறது. சிலிப்புல பிஎஃப்னு 3,700, 3,800 பிடிச்சிருந்தா அதான் நடக்குது. முதலாளி பங்க தொழிலாளி சம்பளத்துல இருந்து எடுக்கக்கூடாதுன்னு பிஎஃப் சட்டத்துலயே இருக்கு, இஎஸ்ஐ சட்டத்துலயும் இருக்கு. உங்களுக்கு "சிடிசி தான் பேசினோம்" (முதலாளி பங்கும் சேத்த மொத்த செலவுதான் பேசின சம்பளம்) ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பிடித்தம்னு அவங்க பங்க எடுத்துட்டு சிடிசின்னு சொல்லி தப்பிக்க முடியாது.

அடுத்தது பிடிச்ச காசு கட்டாம விடறது. இதுக்கு சூப்பர்வைசர கேக்க வேண்டாம், உங்க யுஏஎன் நம்பர (பிஎஃப்க்கு ஒவ்வொருத்தருக்கும் குடுக்கிற நிரந்தர நம்பர்) ஆக்டிவேட் பண்ணி, அதுல குடுத்த மொபைல்ல இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் குடுத்தா பேலன்ஸ் எஸ்எம்எஸ்ஸா வரும், உமாங் ஆப்ல பாஸ்புக்கே பாக்கலாம், ஒவ்வொரு மாசமும் உங்க பங்கும் முதலாளி பங்கும் ஏறியிருக்கான்னு மாசம் பேரோட இருக்கும். வேலைக்கு சேந்து ஆறு மாசம் ஆகியும் யுஏஎன் குடுக்கலன்னா அதுவே ஒரு ஆதாரம்.

இன்னொண்ணு சம்பளத்த துண்டு போடறது. பேசிக் 7,000, ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) 5,000, கன்வேயன்ஸ் 3,000-ன்னு பிரிச்சு எழுதினா பிஎஃப் 7,000-க்கு மட்டும் கட்டினா போதும்னு ஒரு கணக்கு. 2025 நவம்பர் 21-லேர்ந்து நாலு லேபர் கோடும் (பழைய தொழிலாளர் சட்டங்கள சேத்து போட்ட புது சட்டத் தொகுப்பு) அமலுக்கு வந்திருக்கு, அதுல ஊதியச் சட்டத் தொகுப்பு படி ஊதியம்னா பேசிக், டிஏ இதெல்லாம்தான், ஹெச்ஆர்ஏ கன்வேயன்ஸ் அதுல சேராது, அந்த மாதிரி வெளிய வச்ச அலவன்ஸ் மொத்தத்துல பாதிய தாண்டினா தாண்டின பகுதி திரும்ப ஊதியத்துக்குள்ளயே வந்துடும். அதனால ஹெச்ஆர்ஏவ காட்டி குறைந்தபட்ச கூலி குடுத்துட்டோம்னு சொல்ற வேலை இனி நிக்காது.

செக்யூரிட்டில 12 மணி நேர டூட்டி. இத நல்லா கவனிங்க. 15,000-த்த 26-ஆல வகுத்தா நாளுக்கு 577, எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 72 ரூபா. எட்டு மணிக்கு மேல பாத்தா டபுள் ரேட்டு, மணிக்கு 144. நாலு மணி நேரம் ஓவர்டைம்னா 577. புரியுதுங்களா, 12 மணி நேர டூட்டி ஒண்ணுக்கு சட்டப்படி ரெண்டு நாள் கூலி வரணும். இங்க 12 மணி நேரத்துக்கு ஒரு நாள் கூலி குடுத்து, மாசத்த 26-ஆல வகுக்காம 30-ஆல வகுத்து, வாராந்திர லீவும் இல்லாம நிறைய அண்ணன்மார் நின்னுக்கிட்டிருக்காங்க. வயசு அறுபது தாண்டினவங்க. அவங்க நிக்கிற கேட்டு வழியா நாம தினம் போறோம்.

கடைசியா யூனிஃபார்ம் பிடித்தம், ஐடி கார்டு பிடித்தம், அக்கவுண்ட்ல முழு சம்பளம் போட்டுட்டு ஏடிஎம் வாசல்ல நின்னு ரெண்டாயிரம் திருப்பி வாங்கறது. இந்த கடைசி விஷயம் பேப்பர்ல பிடிபடவே படாது, அதனால அப்படி கேட்டா ரொக்கமா குடுக்காம ஜிபேல அனுப்புங்க, முடியலன்னா எந்த தேதி எவ்வளவு யார்கிட்டன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, கூட இருந்தவங்க கையெழுத்தோட.

வரி பத்தி ஒரு விஷயம்

"நாங்க வரி கட்டறோம், இவங்க எல்லாம் இலவசம் வாங்கறாங்க" ன்னு சொல்றவங்களுக்கு அதே சிலிப்ப காட்டுங்க. சென்னையில தொழில் வரி அரையாண்டு வருமானம் 21,000 தாண்டினாலே ஆரம்பிச்சுடும், 75,000 தாண்டினா அரையாண்டுக்கு 1,250, அதுக்கு மேல படியே கிடையாது ஏன்னா அரசியல் சட்டத்துலயே வருஷத்துக்கு 2,500-க்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. அரையாண்டுக்கு 75,000-ன்னா மாசம் 12,500. அதாவது மாசம் 15,000 வாங்குற துப்புரவு அக்காவும் மாசம் மூணு லட்சம் வாங்குற மேனேஜரும் ஒரே 2,500 ரூபா தொழில் வரி கட்டறாங்க. வருமான வரியில 2025-26-லேர்ந்து புது முறையில 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லன்னு ஆனப்ப நடுத்தர குடும்பத்துக்கு நிம்மதின்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். 2019 செப்டம்பர்ல கம்பெனி வரிய 30 சதவீதத்துலேர்ந்து 22-க்கு இறக்கினாங்க. ஆனா அந்த அக்கா 299 ரூபாய்க்கு போன் ரீசார்ஜ் பண்ணா அதுல 45 ரூபா ஜிஎஸ்டி, அதுக்கு எந்த விலக்கும் இல்ல. அவங்க வரி கட்டலன்னு சொல்றது கணக்குல தப்பு.

பில்லுல இருக்கிற அந்த 3,633 ஜிஎஸ்டியும் பாருங்க. ஐடி கம்பெனி மாதிரி இடங்கள்ல அத இன்புட் க்ரெடிட்டா, அதாவது அவங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சு எடுத்துக்குவாங்க, அவங்களுக்கு செலவு இல்ல. ஆஸ்பத்திரிக்கு அப்படி எடுக்க வழியில்ல, ஏன்னா மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி இல்ல. அதே ஆள ஆஸ்பத்திரியே நேரடியா வேலைக்கு வச்சா சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, சர்வீஸ் சார்ஜும் கிடையாது. என் உதாரணத்துல ரெண்டும் சேத்து ஆளுக்கு மாசம் 5,128 ரூபா. அப்புறம் ஏன் காண்ட்ராக்ட் விடறாங்கன்னா, ஆள் எண்ணிக்கை அவங்க ரெஜிஸ்டர்ல வராது, பர்மனென்ட் கேக்க மாட்டாங்க, யூனியன் வராது, "அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல" ன்னு சொல்லிக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மாசம் அஞ்சாயிரம் குடுக்கறாங்கன்னு எனக்கு தோணும். அதே வார்த்தையாலதான் அவங்களுக்கு தனி லிஃப்ட், தனி டம்ளர், மாடிப்படி அடியில சாப்பாடு.

கூலி ஏத்தினா வேலை போயிடுமா

இந்த கேள்விக்கு அவசரப்பட்டு பதில் சொல்லாதீங்க, அதுல நியாயமான பயமும் இருக்கு. 1992-ல அமெரிக்காவுல நியூ ஜெர்சில குறைந்தபட்ச கூலிய மணிக்கு 4.25 டாலர்லேர்ந்து 5.05 ஆக்கினாங்க, பக்கத்து பென்சில்வேனியாவுல ஏத்தல. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் ரெண்டு பக்கமும் இருந்த ஃபாஸ்ட் ஃபுட் கடைகள ஒப்பிட்டு பாத்தாங்க, கூலி ஏத்தின பக்கம் வேலை குறையல. கார்டுக்கு 2021-ல நோபல் பரிசு குடுத்தாங்க. ஆனா அத அப்படியே திருப்பூருக்கு பொருத்தக் கூடாது, பனியன் ஆர்டர் வங்கதேசத்துக்கு போக முடியும், பையர் ரேட்ட அழுத்திக்கிட்டே இருப்பான், அங்க நடுவுல மாட்டிக்கிற சின்ன ஜாப் ஒர்க் முதலாளியோட கஷ்டமும் உண்மை.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி வார்டு, குப்பை அள்றது இதுல அந்த வாதம் நிக்காது. துடைக்கிற தரை இங்க இருக்கு, குப்பை இங்க விழுது, நோயாளி இங்க படுத்திருக்காங்க. இந்த வேலைய வேற நாட்டுக்கு கொண்டு போக வழியே இல்ல. யாராவது "ஏத்தினா வேலை போயிடும்" னா எந்த வேலை எங்க போகும்னு கேளுங்க.

"அவங்களா ஒத்துக்கிட்டுத்தானே வந்தாங்க" ன்னும் சொல்வாங்க. டெல்லி ஆசிய விளையாட்டு கட்டுமான தொழிலாளர் வழக்குல 1982-ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு பதில் சொல்லிடுச்சு, வறுமைய காரணமா வச்சு குறைந்தபட்ச கூலிக்கு கீழ வேலை வாங்கறது அரசியல் சட்டம் 23வது பிரிவு சொல்ற கட்டாய உழைப்புதான்னு. கையெழுத்து போட்டு குடுத்தாலும் அது செல்லாது.

எங்க போய் கேக்கிறது

ஆதாரம் சேத்துட்டு போங்க. பேங்க் ஸ்டேட்மெண்ட், பிஎஃப் பாஸ்புக், ஐடி கார்டு ரெண்டு பக்கமும், கேட் பாஸ், வருகைப் பதிவேட்ட தினமும் எடுத்த ஃபோட்டோ, சூப்பர்வைசர் டூட்டி போட்ட வாட்ஸ்ஆப் மெசேஜ். சிலிப்பே குடுக்கலன்னா பயப்படாதீங்க, புது கோடுல கூலி முழுசா குடுத்தேன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளிகிட்ட.

முதல் லெட்டர் ஏஜென்சிக்கு மட்டும் எழுதாதீங்க. பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது நீங்க நிஜமா வேலை பாக்கிற கம்பெனி அல்லது ஆஸ்பத்திரி, அவங்களுக்கும் எழுதுங்க. காண்ட்ராக்டர் கூலி குடுக்கலன்னா அந்த இடத்தோட உரிமையாளர்தான் குடுக்கணும்னு 1970 காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்துலயும் இருந்தது, புது கோடுலயும் இருக்கு. பல இடத்துல ஏஜென்சி வெட்டறது கம்பெனி ஹெச்ஆருக்கு தெரியாது, லெட்டர் போனதும் அடுத்த பில்ல நிறுத்தி வைப்பாங்க, ஏஜென்சிக்கு உடனே காது கேக்கும். நான் வேலை பாத்த இடத்துலயே ரெண்டு தடவ அப்படி நடந்திருக்கு.

லெட்டர் பெருசா வேண்டாம், இவ்வளவு போதும்:

"ஐயா, நான் உங்கள் நிறுவனத்தில் இன்ன தேதி முதல் இன்ன ஒப்பந்ததாரர் மூலம் துப்புரவுப் பணி செய்கிறேன். அரசு நிர்ணயித்த கூலி நாளுக்கு இவ்வளவு. எனக்குத் தரப்படுவது இவ்வளவு. இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை குறைவாகத் தரப்பட்ட தொகை இவ்வளவு. முதன்மை முதலாளி என்ற முறையில் இதை 15 நாளில் வழங்க வேண்டுகிறேன். வங்கி விவரமும் கணக்கும் இணைத்துள்ளேன்."

ஸ்பீட் போஸ்ட்ல, போய் சேந்ததுக்கு ஆதாரத்தோட அனுப்புங்க (ரிஜிஸ்டர் போஸ்ட் 2025-ல அதோட சேந்துடுச்சு), காப்பி வச்சுக்கங்க.

பதில் வரலன்னா லேபர் ஆபீஸ். மாவட்டத்துல தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்கப் பிரிவு இருக்கும், அங்க மனு குடுங்க. ஃபேக்டரிக்குள்ளன்னா தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மத்திய அரசு இடம்னா நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன்ல இருக்கிற மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். பழைய சட்டத்துல ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும், புது கோடுல மூணு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. குறைஞ்ச தொகையோட சேத்து அதுக்கு பத்து மடங்கு வரைக்கும் இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, அதனால மனுவுல இழப்பீடும் வேணும்னு தனியா எழுதுங்க, எழுதலன்னா வெறும் பாக்கிய மட்டும் வாங்கி குடுத்து முடிச்சுடுவாங்க. பழைய அறிவிப்பு ரேட்டெல்லாம் புது கோடுக்கு முரண்படாத வரைக்கும் தொடரும், "அந்த சட்டமே போயிடுச்சு" ன்னு யாராவது சொன்னா கிளம்பி வந்துடாதீங்க. மனு குடுத்ததும் தேதியும் சீலும் போட்ட ரசீது கேளுங்க.

வக்கீல் வேணும்னா காசு இல்லாம கிடைக்கும். பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி, 15100-க்கு போன் பண்ணலாம்.

தனியா போகாதீங்க, இத கெஞ்சி கேட்டுக்கறேன். தனியா போன ஒரு அக்காவ மறு வாரமே திருவான்மியூர்லேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் சைட்டுக்கு மாத்தினாங்க, ரெண்டு பஸ் மாறி போக முடியாம அவங்களே நின்னுட்டாங்க. பத்து பேர் சேந்து கையெழுத்து போட்டா பத்து பேரையும் மாத்த முடியாது, சைட் நடக்காது. ஏதாவது ஒரு யூனியன் மூலமா போனா மனுவ யூனியன் பேர்லயே போடலாம்.

அரசு இடத்துல காண்ட்ராக்ட்னா உங்க கைல இன்னொரு சாவி இருக்கு, ஆர்டிஐ. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்த ஒப்பந்தத்துல ஆளுக்கு நாள் கூலி எவ்வளவுன்னு டெண்டர்ல போட்டிருக்கு, ஒப்பந்த நகல், கடைசி ஆறு மாச பில் நகல், பிஎஃப் இஎஸ்ஐ கட்டின சலான் நகல் வேணும்னு பொது தகவல் அலுவலருக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் தரணும். உள்ளாட்சில வேலை பாக்கிற தூய்மைப் பணியாளர்கள் 2017-ல வந்த அரசாணை 62 (2டி)-யையும் தேடி வச்சுக்கங்க, அவங்க கூலிக்குன்னே போட்டது அது. 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சி 5, 6-வது மண்டலத்த தனியாருக்கு குடுத்தப்ப ரிப்பன் மாளிகை வாசல்ல மழையிலயும் வெயில்லயும் 13 நாள் உக்காந்தாங்களே, பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அவங்க சொன்னதும் இந்த சிலிப் கணக்குதான், மாசம் 23,000 பக்கம் வாங்கிட்டிருந்தோம் தனியார் கீழ போனா 16,000 சொச்சம்தான்னு. அதே தெரு, அதே குப்பை, அதே கை. ராத்திரியோட ராத்திரியா அவங்கள அப்புறப்படுத்தினத டிவில பாத்தப்ப எங்க வீட்ல யாரும் சாப்பிடல.

அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன்ல இருக்கிறவங்களுக்கு

உங்க வீட்டு கேட்டுலயும் காண்ட்ராக்ட் ஆள் நிக்கிறாங்கன்னா, ஏஜென்சி கூலி குடுக்கலன்னா அந்த பொறுப்பு உங்க பக்கமும் திரும்பும். மூணு கொட்டேஷன் வாங்கி கம்மியானத எடுக்கிறது நல்ல நிர்வாகம்னு நினைக்கிறோம், ஆனா கூலி, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சட்டப்படி ஒரே தொகைதான், எந்த ஏஜென்சிக்கும் அதுல குறைக்க இடமில்ல, குறைக்க முடியறது சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான். கொட்டேஷன் அதுக்கும் கீழ வந்தா அந்த வித்தியாசம் வாட்ச்மேன் சம்பளத்துல இருந்து வருதுன்னு அர்த்தம். கொட்டேஷன ஒரே தொகையா வாங்காதீங்க, கூலி, பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ், சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டின்னு பிரிச்சு எழுதி வாங்குங்க. மாசா மாசம் பில்லோட பேங்க்ல சம்பளம் போட்ட லிஸ்ட், பிஎஃப் ஈசிஆர் (யாருக்கு எவ்வளவு பிஎஃப் கட்டினாங்கன்னு காட்டற மாச லிஸ்ட்), இஎஸ்ஐ சலான் மூணும் இல்லாம பணம் ரிலீஸ் பண்ணாதீங்க.

எங்க அப்பார்ட்மெண்ட்ல 120 வீடு, பத்து பேர் வேலை பாக்கறாங்க. கணக்கு போட்டு பாத்தப்ப ஆளுக்கு மாசம் 3,000 ரூபா குறையுது, மொத்தம் 30,000, வீட்டுக்கு பிரிச்சா 250 ரூபா. முதல் மீட்டிங்ல "மெயின்டெனன்ஸ் ஏற்கனவே ஜாஸ்தி" ன்னு தள்ளி வச்சாங்க, ஒருத்தர் நம்ம வாட்ச்மேன் அண்ணன் முன்னாடியே "இவருக்கு எதுக்கு இவ்வளவு" ன்னு கேட்டார். ரெண்டாவது மீட்டிங்குக்கு நான் பில்லையும் அவர் சிலிப்பையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல ஜெராக்ஸ் எடுத்து எல்லார் கைலயும் குடுத்தேன், அரை மணி நேரம் யாரும் மெயின்டெனன்ஸ் பத்தி பேசல, ஜிஎஸ்டி யாருக்கு போகுது, பிஎஃப் ஏறியிருக்கான்னுதான் கேட்டாங்க. ஜூன்லேர்ந்து 250 ஏத்தினோம், ஏஜென்சிய பாக்கிய குடுக்க சொல்லி லெட்டர் போட்டிருக்கோம், ஏழு மாச பாக்கில நாலு மாசம் வந்திருக்கு, மீதி மூணு மாசத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை லேபர் ஆபீஸ் போறோம், பத்து பேரும் செக்ரட்டரியும் நானும்.